கழுவக் கூடாத உப்பு

தாஷ்கண்ட்,
4 அக்டோபர் 1985

அண்ணன் ஜல்காஸுக்கு,

உங்கள் மாடு, ஆடு, அண்ணி தாஸாகுல், பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? வழக்கப்படி கால்நடையை முதலில் விசாரித்திருக்கிறேன். தலைநகரில் இத்தனை வருடம் இருந்தும் மரியாதை மறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்திரிகைப் பேட்டிக்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதவில்லை. நடந்தது இதுதான். பத்திரிகைக்காரர் கேட்டார்: "ஏம்மா, உலகத்துல இத்தனை பயிர் இருக்கு, உப்பு தாங்குற சோளத்தை மட்டும் ஏன் புடிச்சீங்க?" நான் சொன்னேன்: "எங்க ஊர் மண்ணுல ஒரு பிடி அள்ளி சூப்புல போட்டா, அப்புறம் வேற உப்பு வேண்டாம்." அவர் அதை அப்படியே அச்சிட்டுவிட்டார். பத்திரிகைக்காரர்கள் ஒன்றை அப்படியே அச்சிடுவது அபூர்வம். அந்த அபூர்வம் என் தலையில் விழுந்தது.

ஊரை நான் அவமானப்படுத்தியதாகச் சொல்கிறீர்களாம். அண்ணா, கூட்டுப்பண்ணைக்குச் 'செழிப்பு' என்று பெயர் வைப்பதற்கு முன்னால் ஊரின் பெயர் அக்ஷோர். வெள்ளை உப்புத் தரை என்று அதை வைத்தது நான் அல்ல.

இப்போது எனக்கு அந்த உப்பு வேண்டும்.

என் சோளம் தயாராகிவிட்டது. இதன் வேர் உப்பின் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. மீறி உள்ளே வருவதை அடி இலைகளில் அடைத்து வைக்கிறது. அடி இலைகள் கருகும், குருத்து பிழைக்கும், கதிர் வரும். அடியில் இருப்பவர்களைக் கருகவிட்டு மேலே இருப்பவர்கள் பிழைக்கும் முறை பல அலுவலகங்களிலும் உண்டு. அங்கே கதிர் மட்டும் வருவதில்லை.

அடுத்த ஆகஸ்டில் பயிர் ரகங்களைச் சோதிக்கும் ஆணையம் இதைப் பார்க்க வருகிறது. உப்பு நிலத்தில் என் சோளமும் வழக்கமான சோளமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். என்னுடையது பிழைத்து மற்றது சாக வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், புத்தாண்டோடு என் பிரிவை மூடிவிடுவார்கள். பருத்திப் பிரிவினர் என் அறைக்கு வந்து எந்தச் சுவரை இடிப்பது என்று அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ரகத்தை உருவாக்கியவர் சோதனை நிலத்தின் பக்கம் வரக் கூடாது என்பது விதி. ஆகவே நான் நம்பும் ஆள் ஒருவர் வேண்டும். கடைமடையில் கைவிடப்பட்டுக் கிடக்கும் நிலத்தைத் தருவீர்களா?

தங்கை,
சர்பினாஸ்

*

செழிப்பு கூட்டுப்பண்ணை,
19 அக்டோபர் 1985

சர்பினாஸுக்கு,

வழக்கப்படி முதலில் கால்நடை நலம் கேட்க வேண்டும். உனக்குக் கால்நடை கிடையாது. ஆகவே நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

உன் கடிதத்தைப் பண்ணைக் கூட்டத்தில் வாசித்தேன். தலைவர் துரேமுரத் எழுந்து நின்றார். "பேப்பர்ல நம்மள உப்புன்னு சொன்ன பொண்ணு. இப்ப அந்த உப்பையே கேக்குறாளா? எந்த முகத்தோட கேக்குறா?" என்றார். பின்வரிசையிலிருந்து பெக்மான் கிழவர், "முகம் நம்ம ஊர் முகம்தான். கேக்குறதும் தரிசு. கொடுத்துத் தொலைங்கப்பா" என்றார். அவர் கால்வாயில் தண்ணீர்க் காவல் பார்த்த காலத்திலிருந்தே குரல் பெரிது.

முடிவு வருமாறு. கடைமடை நிலம் உனக்குத் தரப்படுகிறது. அதே சமயம், எங்கள் பண்ணையில் உப்பு நிலம் எதுவும் இல்லை என்பதும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எவரும் சொல்லவில்லை. உன் ஆட்கள் வந்து மண் எடுத்துக்கொள்ளலாம்.

தாஸாகுல் கீற்றாக அரிந்து காயவைத்த முலாம்பழம் ஒரு பின்னல் அனுப்பியிருக்கிறாள். நான் எதுவும் அனுப்பவில்லை.

ஜல்காஸ்

*

தாஷ்கண்ட்,
11 நவம்பர் 1985

அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பாத முலாம்பழம் கிடைத்தது. மிகவும் இனிப்பு.

ஆணையத்தின் ஆட்கள் எடுத்த மண்ணின் முடிவும் கிடைத்தது. சோதனைச் சாலையில் ஒருவர் கருவி கெட்டுவிட்டதென்று நினைத்து மறுபடி அளந்தாராம். உங்கள் தீர்மானத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணா, கோபப்படாதீர்கள்: இந்த நிலம் எனக்குத் தங்கம்.

மாவட்ட லாரியில் விதை வருகிறது. சிவப்புக் கயிறு கட்டிய பை என்னுடையது. வெள்ளைக் கயிறு வழக்கமான சோளம். இரண்டும் எந்தச் சூழ்நிலையிலும் கலக்கக் கூடாது. ஒரே கையால் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடவும் கூடாது. பார் மேட்டின் உச்சியில் விதைக்காதீர்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஈரத்தோடு உப்பு உச்சிக்கு ஏறும். பக்கச் சரிவில் விதையுங்கள். முளைக்கும் நாட்களில்தான் பயிர் கோழை. வளர்ந்த பிறகு தைரியம் வரும். அந்த நாட்களில் லேசாக ஒரு தூறல் போட்டால் சந்தோஷப்படாதீர்கள். மேலே பூத்த உப்பு கரைந்து நேரே பிஞ்சு வேருக்குப் போகும். உடனே தண்ணீர் விட்டு அதை இன்னும் கீழே தள்ளுங்கள்.

எதையும் விட்டுவிடவில்லை என்று நினைக்கிறேன். மூன்று தரம் சரிபார்த்தேன்.

சர்பினாஸ்

*

செழிப்பு கூட்டுப்பண்ணை,
28 மார்ச் 1986

சர்பினாஸுக்கு,

இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சந்தோஷத்தில் சிலருக்குத் தலை சுற்றும்.

உன் பேட்டியை ஊர் மறக்கவில்லை. ஆனால் நீ ஊர்ப் பெண் என்பதையும் மறக்கவில்லை. ஜனவரியில் துரேமுரத் கூட்டம் போட்டார். "மாஸ்கோலேர்ந்து விருந்தாளி வரான். நம்ம பொண்ணோட சோளத்தைப் பாக்க வரான். வெள்ளை வெளேர்னு பூத்துக் கெடக்குற தரையிலயா அவன நிக்க வைக்கிறது? விருந்தாளி வர்றான்னா வீட்டக் கழுவ மாட்டோமா?" என்றார். எதிர்ப்பேச்சே இல்லை.

ஊரே ஹஷாருக்கு, கூட்டு உழைப்புக்கு, வந்தது. கூலி இல்லை, கட்டளை இல்லை. அவரவர் மண்வெட்டி, அவரவர் ரொட்டி. நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து வரப்பு கட்டினோம். பருத்தி நிலம் கழுவ ஒதுக்கிய தண்ணீரில் ஒவ்வொரு வேலைப் பிரிகேடும் ஒரு பங்கு உனக்காக விட்டுக்கொடுத்தது. இந்த ஊரில் ஒருவன் தன் ரத்தத்தைக் கொடுப்பான், தண்ணீர்ப் பங்கைக் கொடுக்க மாட்டான். உனக்குக் கொடுத்தான். நிலத்தை நிரப்பினோம், உப்பு கீழே இறங்கும்வரை காத்தோம், மறுபடி நிரப்பினோம். மூன்று முறை. பெண்கள் பெரிய அண்டாவில் இறைச்சிச் சாறு கொதிக்கவிட்டுக் குர்திக் போட்டார்கள். சோள உருண்டைகள் நம் சோளத்தில் செய்தவை.

இப்போது உன் நிலம் கறுப்பாக, சாப்பிடலாம்போல் இருக்கிறது. ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. துரேமுரத் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து, "சர்க்கரை!" என்றார்.

ஒரே ஒரு குறை. கழுவிய தண்ணீர் வடிகாலில் இறங்கவில்லை. போன வருடமே தூர்வாரியதாக அறிக்கை போன வடிகால் அது. தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் தேங்கிவிட்டது. அங்கே இருந்த குதிரைமசால் செத்துவிட்டது. இப்போது அந்த இடம் பனி விழுந்ததுபோல் இருக்கிறது. "உங்க தங்கச்சி நிலத்தக் கழுவி அழுக்குத் தண்ணிய என் தலையில ஊத்தினீங்களே, மாட்டுக்கு நான் எதப் போடுவேன்?" என்று தாஸாகுல் கேட்கிறாள். சிறிய விஷயம்.

நன்றி சொல்லி எழுத வேண்டாம். ஊர் எதிர்பார்க்கவில்லை. எழுதினால் கூட்டத்தில் வாசிப்பேன்.

ஜல்காஸ்

*

தாஷ்கண்ட்,
9 ஏப்ரல் 1986

அண்ணனுக்கு,

இதைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள்.

உப்பைத் தாங்கும் பயிரைச் சோதிக்க உப்பு வேண்டும். இதை நான் எழுதாமல் விட்டது என் தவறு. நீந்தத் தெரியுமா என்று பார்ப்பவர் குளத்தை இறைக்க மாட்டார் என்று நினைத்து விட்டுவிட்டேன். கைவிட்ட நிலத்தை, அதுவும் பருத்தியின் தண்ணீரில், எவரும் கழுவியதாக நம் நாட்டின் வரலாற்றில் இல்லை. அந்த வரலாற்றை என் ஊர் மாற்றும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் கழுவிய நிலத்தில் வழக்கமான சோளமும் ஆள் உயரம் வளரும். ஆணையம் வரும். இரண்டையும் பார்க்கும். "வித்தியாசம் இல்லை" என்று எழுதும். ஐந்து பரம்பரைப் பகைவர்கள் கூடித் திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது. அவர்களுக்கு அண்டாவில் குர்திக் போடத் தோன்றியிருக்காது.

நான் ஆணையத்துக்கு உண்மையை எழுதியாக வேண்டும். எழுதினால் சோதனை ரத்து. எழுதாவிட்டால் பொய். இரண்டிலும் சுவர் இடிகிறது.

தண்ணீர்ப் பங்கை விட்டுக்கொடுத்தார்கள் என்ற வரியை மட்டும் பலமுறை வாசித்தேன்.

சர்பினாஸ்

*

செழிப்பு கூட்டுப்பண்ணை,
18 மே 1986

சர்பினாஸுக்கு,

நீ சொன்னபடி வாசிக்கவில்லை. சாரத்தை மட்டும் சொன்னேன். பிறகு துரேமுரத், "கடையில உப்பு மூட்டை இருக்கு. லாரியில ஏத்திக் கொட்டிடலாமா?" என்று கேட்டார். கேலி செய்யாதே. மனிதர் அதை அழுதுவிடும் முகத்தோடு கேட்டார். பதில் எழுது.

சரிவில் விதைத்தோம். பைகள் கலக்கவில்லை. சிவப்புக் கயிற்றை நான் தொட்டேன், வெள்ளைக் கயிற்றைப் பெக்மான் தொட்டார். நாங்கள் கை குலுக்கிக்கொள்ளவும் இல்லை.

மிஞ்சிய விதையைத் தாஸாகுல் மாட்டுத் தட்டைக்காக அந்தப் பள்ளத்தில் விதைத்துவிட்டாள். "வெறும் வெள்ளையா கெடக்கு, முளைச்சா மாட்டுக்கு, முளைக்கலேன்னா உங்க தங்கச்சிக்கு" என்றாள். உன் கட்டளைப்படி ஒரு பாதியில் சிவப்புக் கயிறு, மறு பாதியில் வெள்ளைக் கயிறு. நடுவில் கயிறு கட்டி வைத்திருக்கிறாள். மாட்டுக்கு எதற்கு இந்த ஒழுங்கு என்று கேட்டேன். "பேராசிரியர் கோவிச்சுக்குவாங்க" என்றாள்.

என் பக்கத் தவறு ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. இருந்தாலும் சரியாகத் தூங்குவதில்லை.

ஜல்காஸ்

*

தாஷ்கண்ட்,
2 ஜூன் 1986

அண்ணனுக்கு,

கடை உப்பு வேண்டாம். நம் மண்ணின் உப்பு பல உப்புகளின் கலவை. ஆண்டுக்கணக்கில் நிலத்தடி நீரோடு ஏறி வந்தது. மூட்டை உப்பைக் கொட்டினால் சோதனைக்குப் பதிலாக ஊறுகாய்தான் கிடைக்கும். ஆனால் தலைவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். நிஜமாகவே சொல்கிறேன். அண்ணியிடம் பள்ளத்தை நம்பி இருக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்; கழுவிய உப்பெல்லாம் சேர்ந்த இடத்தில் என் சோளம்கூடப் பிழைக்காது.

ஆணையத்துக்கு எழுதிவிட்டேன்: நிலம் கழுவப்பட்டது, சோதனை செல்லாது. பதில் வந்தது. பயணம் வருடாந்தரத் திட்டத்தில் சேர்ந்துவிட்டதாம். திட்டத்தில் உள்ள பயணத்தை ரத்து செய்ய வழியில்லையாம். ஆகவே, பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தே பார்க்க வருகிறார்கள். ஆணையத் தலைவர் வெனியமீன் லவோவிச். கறாரானவர், வயிற்று உபாதைக்காரர். கொழுப்பு கம்மியாக சமைக்கச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். குளம் இறைத்த உவமையை மட்டும் திரும்பப் பெற மாட்டேன். அது நன்றாக வந்திருந்தது.

சர்பினாஸ்

*

செழிப்பு கூட்டுப்பண்ணை,
31 ஆகஸ்ட் 1986

சர்பினாஸுக்கு,

வந்தார்கள், போனார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைமடை நிலத்தில் இரண்டு சோளமும் ஆளை மறைத்து நின்றன. வெனியமீன் லவோவிச் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசைக்குள் போய்த் திரும்பி வந்தார். "அருமை. ரெண்டுமே அருமை. அதான் பிரச்சினை" என்றார். துரேமுரத்துக்குப் பழக்க தோஷம். நெஞ்சை நிமிர்த்தி, "பாத்தீங்களா? எங்க பண்ணைல உப்பே கெடையாது!" என்றார். பெக்மான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. வெனியமீன் லவோவிச் பேனாவை எடுத்து, நீ ஏப்ரலில் எழுதிய அந்த இரண்டு சொற்களை எழுதினார்.

பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. கொழுப்பில்லாத குர்திக். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். வாசலில் மாடு கத்திக்கொண்டே இருந்தது. "ஏன் கத்துது?" என்று கேட்டார். தாஸாகுல், "தட்டை கம்மி சார். பாதி வெதச்சது செத்துப்போச்சு" என்றாள். "எந்தப் பாதி?" என்றார் அவர். விஞ்ஞானிகளுக்குச் சாப்பிடும்போதும் பாதிக் கணக்குதான் போலும். "வெள்ளைக் கயிறு" என்றாள் அவள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பள்ளத்தை நான் தினமும் பார்க்கிறேன். மாட்டுத் தீவனமாகத்தான் பார்த்தேன்.

சர்பினாஸ், அந்தப் பள்ளத்தைக் காட்டுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசலிலிருந்தே உப்புப் பூத்துக் கிடப்பதைக் காட்டுவது. தூர்வாராத வடிகாலைக் காட்டுவது. உன்னோடு நான் பேசாமல் இருந்ததே அந்த வெள்ளையை நீ உலகத்துக்குச் சொன்னாய் என்பதற்காகத்தான். கோப்பையைக் கீழே வைத்தேன். "சார், கொஞ்சம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் வாங்க" என்றேன்.

துரேமுரத் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். "கொட்டகைல என்னய்யா இருக்கு? சாணி இருக்கு."

"உப்பு இருக்கு" என்றேன். உரக்கவே சொன்னேன்.

நடந்தோம். தரை காலுக்கடியில் நொறுங்கியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கயிற்றுச் சோளம் விரல் உயரத்தில் வந்து, பழுப்பாகச் செத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் உன்னுடையது. அழகில்லை, உண்மையைச் சொல்கிறேன். மார்பு உயரம்தான். அடி இலையெல்லாம் நெருப்பில் காட்டியதுபோல் கருகித் தொங்கியது. ஆனால் குருத்து பச்சை. உச்சியில் கதிர், கையில் வைத்தால் கனமாக இருந்தது. ஒரு செடிகூட விழவில்லை. வீட்டில் மூத்தவர்கள் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டியதுபோல் நின்றது.

அந்த மனிதர் நல்ல கால்சட்டையோடு முழங்காலிட்டார். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார். துப்பினார். மறுபடி வைத்தார். "இவ்வளவு உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்க ஊர் உப்பு. பரம்பரையா இருக்கு" என்றேன்.

"வடிகால் தூர்வாரியாச்சுன்னு மாவட்ட அறிக்கைல இருக்கே?"

துரேமுரத் வானத்தைப் பார்த்தார். தாஸாகுல்தான் பதில் சொன்னாள்: "பேப்பர்ல வெட்டின வாய்க்கால்ல நெசத் தண்ணி எப்படி சார் ஓடும்?"

அவர் வெகுநேரம் சிரித்தார். வயிற்று உபாதைக்காரர் என்பதால் பயமாக இருந்தது. பிறகு மண்ணைப் பைகளில் அள்ளினார், செடிகளை வேரோடு எடுத்தார், கயிற்றைக்கூட அளந்தார். முன்பு எழுதியதை அடித்தார். "இந்த ரகத்துக்குப் பேரு என்ன?" என்று கேட்டார். நீ எண் மட்டும் கொடுத்திருந்தாய். நான் யோசிப்பதற்குள் துரேமுரத் முன்னால் வந்தார். "அக்ஷோர்! எங்க ஊரோட நெசப் பேரு. எழுதிக்கோங்க. இந்த வட்டாரத்துலயே எங்க உப்பு மாதிரி வேற எங்கயும் கெடையாது!"

காலையில் உப்பே இல்லை என்று சொன்ன அதே வாய்.

நான் சிரிக்கவில்லை. அவர்கள் கார் போன பிறகும் அந்தப் பள்ளத்தில்தான் நின்றிருந்தேன். என் தங்கை செய்த பயிர் அது, சர்பினாஸ். எங்கள் மோசமான தரையில், எங்கள் அழுக்குத் தண்ணீரில், யாரும் கவனிக்காமல் நின்றிருக்கிறது.

ஜல்காஸ்

*

தாஷ்கண்ட்,
17 அக்டோபர் 1986

அண்ணா,

முடிவு வந்துவிட்டது. ரகம் ஏற்கப்படவில்லை, நிராகரிக்கப்படவும் இல்லை. கடைமடை நிலத்தின் சோதனை செல்லாது. மாட்டுக் கொட்டகைப் பள்ளம் "சோதனை அல்ல, ஆனால் புறக்கணிக்க இயலாத சான்று". ஆகவே, அடுத்த ஆண்டு அதே பள்ளத்தில், முறைப்படி, முழுச் சோதனை. அதுவரை பிரிவை மூடக் கூடாது என்று வெனியமீன் லவோவிச் எங்கள் இயக்குநருக்கு எழுதியிருக்கிறார். பருத்திக்காரர்கள் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். சுவர் நிற்கிறது, இப்போது அதில் சாய்ந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அறிக்கையில் களப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அண்ணியின் பெயர் இருக்கிறது. "பாதிகளைக் கயிறு கட்டிப் பிரித்த ஒழுங்கு பாராட்டத்தக்கது." எங்கள் இளம் ஆராய்ச்சியாளர்கள் இருவருக்கு இதை வாசித்துக் காட்டினேன்.

எந்த விருந்திலும், எந்தப் பேட்டியிலும், எந்த ஊரைச் சேர்ந்தவள் என்று என்னைக் கேட்டால் இனி முழுப் பெயரோடு சொல்வேன். முன்பும் சொன்னேன், ஆனால் இப்போது தலையை நிமிர்த்திச் சொல்வேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பள்ளத்தைக் கழுவாதீர்கள். நிரப்பாதீர்கள், தூர்வாராதீர்கள், சமன் செய்யாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். ஊர் என் மேல் அன்பு காட்ட விரும்பினால், கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

சர்பினாஸ்

*

செழிப்பு கூட்டுப்பண்ணை,
14 டிசம்பர் 1986

சர்பினாஸுக்கு,

உன் கடிதம் கூட்டத்தில் முழுமையாக வாசிக்கப்பட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இந்தப் பண்ணையில் நிறைவேறிய தீர்மானங்களில் முழுமையாக அமல்படுத்தப்பட்டது இது ஒன்றுதான்.

பள்ளத்துக்குக் காவல் போட்டிருக்கிறோம். பெக்மான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "வாழ்க்கை பூரா தண்ணியத் திருடாம காத்தேன். கடைசில உப்பைக் கழுவாம காக்குறேன். பதவி உயர்வுதான்" என்கிறார். மாவட்டத்திலிருந்து வடிகால் தூர்வார உண்மையாகவே ஆட்கள் வந்துவிட்டார்கள். மண்வெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, தேநீர் கொடுத்து, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகும்படி கோடு கிழித்துக் கொடுத்தோம். மற்ற இடம் முழுக்க வெட்டினார்கள். நிஜ வடிகாலில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஊர் கரையில் வந்து நின்றது.

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் புகார் எழுதியிருக்கிறார்கள். தங்கள் மண்ணில்தான் உப்பு அதிகம், ஆணையம் ஓரவஞ்சனை செய்துவிட்டது என்கிறார்கள். துரேமுரத் அவர்கள் மண்ணை வரவழைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு உப்பா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சென்ற வாரம் பத்திரிகைக்காரர் வந்தார். அதே ஆள். எங்கள் மண்ணைப் பற்றிக் கேட்டார். "ஒரு பிடி சூப்புல போட்டுப் பாருங்க" என்றேன்.

மாடு கன்று போட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பண்ணையில் உன் பெயரில் எழுதிவிட்டேன். உன் சோளத்தட்டை தின்ற மாட்டின் கன்று, உன்னுடையதுதான்.

ஆகவே இந்தக் கடிதத்தை இப்படித் தொடங்கியிருக்க வேண்டும். பழக்கமில்லாததால் கடைசியில் எழுதுகிறேன்:

உன் கால்நடை நலம். நீ நலமா?

அண்ணன்,
ஜல்காஸ்
அக்ஷோர்